மொழியியலும் தத்துவமும் ஒன்றாகப் படிக்கப் போகிறவருக்கு

"எல்லாரும் வரலை."

வீட்டில் நாலு பேரிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். "அடடா, ஒருத்தர்கூடவா வரலை?" என்பார் ஒருவர். "அப்போ வராதது யாரு?" என்பார் இன்னொருவர். இருப்பதே இரண்டு சொல். ஒருவர் காதில் அது 'யாருமே வரவில்லை' என்று விழுகிறது, மற்றவர் காதில் 'சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை' என்று விழுகிறது. ஒரே வாக்கியம் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று கேட்டால் மொழியியல் பக்கம் போகிறீர்கள். இரண்டு பொருளில் எது எப்போது உண்மை, ஒன்றிலிருந்து மற்றது கிடைக்குமா என்று கேட்டால் தத்துவத்தின் பக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கத் தோன்றுகிறதா? அப்படியானால் மேலே படியுங்கள். "சூழ்நிலையை வைத்துப் புரிஞ்சுக்க வேண்டியதுதானே" என்று மட்டும் தோன்றினால், தப்பில்லை, இரண்டில் ஒன்றைத் தனியாகப் படிப்பது உங்களுக்கு நல்லது.

நான் இளங்கலையில் ஆங்கில இலக்கியம், அதன்பிறகு வெளிநாட்டில் இந்த இரண்டும் சேர்ந்த பட்டம். கல்லூரி முடிக்கும் பிள்ளைகள் அவ்வப்போது போனில் கேட்பதற்கெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: பெயர்தான் கூட்டுப் பட்டம், கூட்டுவது நீங்கள். மொழியியல் துறை மொழியியலைச் சொல்லித்தரும். தத்துவத் துறை தத்துவத்தைச் சொல்லித்தரும். நடுவில் பாலம் போட்டுத் தருகிற ஆசிரியர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள், சில இடங்களில் அதுவும் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு போனால் முதல் வருஷத்துக் குழப்பம் பாதியாகக் குறையும்.

இந்த இரண்டும் ஏன் சேர்ந்தன

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சேர்க்கை நேர்காணலில் கேட்பார்கள். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃப்ரேகே 1892இல் ஒரு கேள்வியை வைத்தார். விடியலில் தெரியும் வெள்ளியும் அந்தியில் தெரியும் வெள்ளியும் ஒரே கோள்தான். 'விடிவெள்ளிதான் விடிவெள்ளி' என்பதில் செய்தி ஒன்றும் இல்லை. 'விடிவெள்ளிதான் அந்திவெள்ளி' என்பது வானியல் கண்டுபிடிப்பு. சுட்டும் பொருள் ஒன்றாக இருக்கும்போது இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? 1905இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ரஸ்ஸல், அரசரே இல்லாத பிரான்சின் 'இன்றைய அரசர்' வழுக்கைத்தலையர் என்றால் அது பொய்யா, பொருளற்றதா என்று கேட்டார். தத்துவக்காரர்கள் வாக்கியத்துக்குள் நுழைந்தது இப்படி.

மறுபக்கம் 1957இல் அமெரிக்க மொழியியலாளர் சோம்ஸ்கி வாக்கிய அமைப்பைக் கணிதம்போல விதிகளால் விளக்கத் தொடங்கினார். இரண்டு ஓடையும் கலந்த இடம், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ. அங்கே தத்துவத் துறையில் இருந்த ரிச்சர்ட் மாண்டேக், தர்க்கவாதிகள் உண்டாக்கிய செயற்கை மொழிக்கும் நாம் பேசும் மொழிக்கும் கோட்பாட்டளவில் முக்கியமான வித்தியாசம் இல்லை என்று 1970 வாக்கில் வாதிட்டார். 1971இல் அவர் கொலை செய்யப்பட்டு இறந்தார். அவருடைய வேலையை மொழியியலாளர்களுக்குப் புரியும்படி கொண்டுசேர்த்தவர் பார்பரா பார்ட்டீ. வாக்கியத்தின் பொருளைத் தர்க்க விதிகளால் விளக்கி, இன்று 'முறைசார் பொருண்மையியல்' என்ற பெயரில் நடக்கும் துறை அந்த வழியில் வந்தது. உங்கள் பாலம் அதுதான்.

எங்கே படிப்பது

மூன்று விதமான இடங்கள் இருக்கின்றன. முதல் விதத்தில் இரண்டும் ஒரே துறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துறையின் பெயரே மொழியியல் மற்றும் தத்துவத் துறை. அங்கே துறைகளை எண்ணால்தான் அழைப்பார்கள், இது 24. இளங்கலையில் 24-2 என்ற பிரிவு இரண்டையும் சேர்த்தது. முதல் வருஷம் யாரும் துறை தேர்ந்தெடுப்பதில்லை, பிறகுதான் அறிவிக்க வேண்டும். அதனால் விண்ணப்பத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை.

இரண்டாவது விதத்தில் துறைகள் தனித்தனி, பட்டம் ஒன்று. யு.சி.எல்.ஏ.யில் இப்படி ஒரு இளங்கலை உண்டு. எடின்பரோவில் நாலு வருஷப் படிப்பு. ஸ்காட்லாந்து வழக்கப்படி அதை எம்.ஏ. என்று அழைத்தாலும் அது முதல் பட்டம்தான், ஊரில் சொந்தக்காரர்களிடம் விளக்கத் தயாராக இருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் உளவியல், தத்துவம், மொழியியல் மூன்றும் ஒரு குடைக்குக் கீழே இருக்கின்றன. அதில் தத்துவமும் மொழியியலும் மட்டும் எடுத்து மூன்று வருஷத்தில் முடிக்கலாம். முதுகலைக்கு என்றால் ஆம்ஸ்டர்டாமின் இரண்டு வருஷ லாஜிக் முதுகலையைப் பாருங்கள், மொழி, தத்துவம், கணிதம், கணினி எல்லாம் அங்கே ஒரே கட்டடத்துக்காரர்கள் மாதிரி பழகுகிறார்கள். செலவு பயமாக இருந்தால் ஜெர்மனி. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. பொருண்மையியலுக்குப் பேர்போன ட்யூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது.

மூன்றாவது விதம் இந்தியா. இங்கே கூட்டுப் பட்டத்தைத் தேடி அலைவதைவிட, இரண்டு துறையும் நன்றாக இருக்கும் ஒரு வளாகத்தைத் தேடுங்கள். ஜே.என்.யு., டெல்லிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் மூன்றிலும் மொழியியலும் உண்டு, தத்துவமும் உண்டு. சேர்க்கை சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவு வழியாக. மொழியியல் தாள், தத்துவத் தாள் இரண்டுக்கும் பதிந்து எழுதலாம். தமிழ்நாட்டில் மொழியியல் என்றால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையம், தத்துவம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் உயராய்வு நிறுவனம். இரண்டுக்கும் நடுவில் இருநூறு கிலோமீட்டர் சொச்சம். அதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க அனுமதி கொடுத்தது. ஒன்றை நேரில் போய்ப் படித்துக்கொண்டு, இன்னொன்றைத் தொலைநிலையில் எடுக்கலாம். இக்னோவில் தத்துவ எம்.ஏ. தொலைநிலையில் இருக்கிறது. மொழியியலை நேரில் படித்துக்கொண்டு தத்துவத்தை அங்கே எடுப்பது நடைமுறையில் சாத்தியம். ஏன் இந்த வரிசை? ஒலியியலுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், வாக்கிய அமைப்பைக் காட்டும் மரப்படம் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆள் வேண்டும். தத்துவத்தைப் புத்தகத்தோடு மல்லுக்கட்டி ஓரளவு படித்துவிடலாம். சேர்வதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகம் இந்த விதியை ஏற்றிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பண்ணலாம்மா" என்று கவுன்டரில் சொன்னது பட்டமளிப்பு நேரத்தில் செல்லாது.

விண்ணப்பம்

பிரிட்டனுக்கு யுகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்கும்போது ஐந்து இடம் வரை போடலாம், ஆனால் ஐந்துக்கும் போவது ஒரே சுயவிளக்கம். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, மொத்தம் 4000 எழுத்துகள். ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்ப்ரிட்ஜையும் ஒரே வருஷத்தில் போட முடியாது.

என்ன எழுதுவது? 'சிறுவயதிலிருந்தே மொழிமேல் எனக்குத் தீராக் காதல்' என்று தொடங்காதீர்கள். வாசிப்பவர் அன்று காலையில் மட்டும் அதைப் பத்து முறை பார்த்திருப்பார். 'எத்தனை மொழி தெரியும்' என்பதும் பெரிதாக உதவாது, மொழியியல் என்பது மொழிகளைக் கற்பது இல்லை. ஒரு வாக்கியத்தை எடுங்கள். அதில் என்ன விசித்திரம், நீங்கள் என்ன யூகித்தீர்கள், அந்த யூகம் எந்த உதாரணத்தில் உடைந்தது என்று எழுதுங்கள். உடைந்த யூகத்தை ஒளிக்காமல் எழுதுகிறவரைத்தான் இரண்டு துறையும் தேடுகின்றன.

பள்ளியில் இருப்பவர் என்றால் மொழியியல் ஒலிம்பியாட் கணக்குகளைப் போடுங்கள். உலக அளவில் 2003 முதல் நடக்கிறது, 2016இல் மைசூரில்தான் நடந்தது. இந்தியாவில் பாணினி ஒலிம்பியாட் அதற்கான வாசல். கேள்விப்பட்டிராத ஒரு மொழியின் பத்து வாக்கியமும் மொழிபெயர்ப்பும் கொடுப்பார்கள், இலக்கணத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பழைய கணக்குகள் இணையத்தில் இலவசம். மூன்று போட்டும் சுவாரசியம் வரவில்லை என்றால் மொழியியல் உங்களுக்கு ஒத்துவருமா என்று மறுபடி யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'இதெல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது' என்று எழுதும் ஆசை நம்மில் எல்லோருக்கும் வரும். இருப்பதைச் சரியாகக் காட்டினால் அது பலம்தான். 'பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும் சொல்லின் ஆகும்' என்ற சொல்லதிகார நூற்பா ஒரு நல்ல உதாரணம். 'யானை பெரியது' என்னும்போது பேச்சு விலங்கைப் பற்றியது. 'யானை இரண்டெழுத்து' என்னும்போது சொல்லைப் பற்றியது. ஒரு சொல்லைப் பயன்படுத்துவதையும் அந்தச் சொல்லையே சுட்டுவதையும் பிரித்துப் பார்க்க லாஜிக் வகுப்பின் முதல் வாரத்திலேயே பழக்குவார்கள். அந்த அளவுக்குக் குறிப்பாகச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால் பெருமையை மனசுக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.

முதல் வருஷம்: லாஜிக்கைத் தள்ளிப்போடாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இது. கணக்கு மாதிரி இருக்கிறதே என்று பயந்து லாஜிக்கை இரண்டாம் வருஷத்துக்குத் தள்ளிவிட்டு, ஒலியியலும் நெறியியலும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் வருஷம் பொருண்மையியல் வகுப்பில் ஆசிரியர் பலகையில் எழுதும் முதல் வரியே புரியாது. எந்தத் தாளை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், இதை மட்டும் முதல் செமஸ்டரில் முடித்துவிடுங்கள். இலங்கையில் உயர்தரத்துக்கு 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' எடுத்தவர்களுக்கு இது பழகிய பாதை, இரண்டு கூற்றிலிருந்து மூன்றாவதைப் பெறும் நியாயத்தொடையை எல்லாம் தமிழிலேயே கரைத்துக் குடித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணிதத்தில் தனிநிலைக் கணிதம் என்று கடைசியில் ஒரு பாடம் உண்டு, அதில் உண்மை அட்டவணை வரும். நேரமில்லை என்று வாத்தியார் வேகமாக ஓட்டிவிட்டிருப்பார். அதை எடுத்து மறுபடி படியுங்கள், முதல் மாதத்துக்கு அது போதும்.

எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி காட்டுகிறேன். 'மழை பெய்தால் லீவு.' நடக்கக்கூடியது நாலே நாலு. மழை பெய்தது, லீவு விட்டார்கள்: வாக்கியம் உண்மை. மழை பெய்தது, லீவு விடவில்லை: பொய். மழை இல்லை, ஆனாலும் வேறு ஏதோ காரணத்தால் லீவு: உண்மை. மழையும் இல்லை லீவும் இல்லை: உண்மை. மூன்றாவது வரியில் வகுப்பே எதிர்த்து நிற்கும். "மழையே இல்லாமல் லீவு விட்டால், சொன்னது எப்படி சார் உண்மை?" சொன்ன வாக்கியம் மழை பெய்த நாளைப் பற்றி மட்டும்தான் வாக்குக் கொடுத்தது. மழை இல்லாத நாளில் என்ன நடந்தாலும் அந்த வாக்கை யாரும் மீறவில்லை. இது செரிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பெரும்பாலான தத்துவ வகுப்புகள் இத்தோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் இதுதான். வாக்கியத்தைக் கொஞ்சம் திருகுங்கள்: 'மழை பெய்தால்தான் லீவு.' இப்போது பொய்யாகும் வரி இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவிவிட்டது. மழை பெய்தும் லீவு விடாவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், மழை இல்லாமல் லீவு விட்டால்தான் சொன்னது பொய். ஒரு 'தான்' செய்த வேலை. இன்னொரு திருகல்: 'மழை பெய்தாலும் லீவு.' இப்போது நிபந்தனையே கரைந்துபோய் எப்படியும் லீவு என்றாகிறது. 'ஆல்', 'ஆல்தான்', 'ஆலும்' என்று தமிழ் ஒரு விகுதியை வைத்து மூன்று தர்க்க உறவைப் பிரித்துவிடுகிறது.

அந்த 'உம்'மைக் கவனியுங்கள். 'அவனும் இவனும்' என்பதில் இணைப்பு. 'யாரும்', 'எல்லாரும்' என்பவற்றில் முழுமை. 'பெய்தாலும்' என்பதில் வேறு ஏதோ. இது ஒரே உம்மா, மூன்று உம்மா? ஒன்றுதான் என்றால் மூன்று வேலையையும் விளக்கும் ஒற்றைப் பொருள் என்ன? தொடக்கத்தில் பார்த்த 'எல்லாரும் வரலை' தகராறும் இந்தக் குடும்பத்துச் சண்டைதான். ஓகாரத்தையும் இதே மாதிரி சோதித்துப் பாருங்கள், 'அவனோ இவனோ', 'யாரோ', 'வருவானோ' என்று. ஒரு செமஸ்டர் ஆய்வுக் கட்டுரைக்கு இதுவே தாராளம்.

கூடவே தத்துவவாதி கிரைஸைப் படியுங்கள். 1967இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகளின் ஒரு பகுதி 1975இல் கட்டுரையாக வந்தது. சொன்னது வேறு, சொன்னதிலிருந்து கேட்பவர் எடுத்துக்கொள்வது வேறு என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். 'மழை பெய்தால் லீவு' என்று கேட்டதும் 'மழை இல்லாவிட்டால் லீவு இல்லை' என்று நாமாகச் சேர்த்துக்கொள்கிறோமே, மூன்றாவது வரி தொண்டையில் சிக்குவது அதனால்தானா என்று அதைப் படித்தபிறகு யோசியுங்கள்.

தமிழ்தான் உங்கள் ஆய்வுக்கூடம்

பாடப்புத்தகங்கள் ஆங்கில உதாரணங்களால் நிரம்பியவை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள மாணவர் அருகில் உட்கார்ந்து 'இந்த வாக்கியம் எனக்குச் சரியாகப் படுகிறது' என்று அலட்டாமல் சொல்லும்போது நமக்கு ஒரு தாழ்வு வரும். வர வேண்டியதில்லை. தமிழ் வாக்கியம் ஒன்று சரியா தப்பா என்று சொல்லும் அதிகாரம் அந்த வகுப்பில் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

எனக்கு இது உறைத்த கதை. டேவிட் கப்லன் என்ற தத்துவவாதி, யு.சி.எல்.ஏ.காரர், சுட்டுச் சொற்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். 1977இலிருந்து தட்டச்சுப் பிரதியாகக் கைமாறி, 1989இல் அச்சானது. 'நான்' என்ற சொல் எப்போதும் அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவரையே குறிக்கும், வேறு எந்தச் சொல்லும் அதைத் திருப்பி இன்னொருவரைக் குறிக்க வைக்க முடியாது என்பது அவர் வாதம். அப்படித் திருப்பக்கூடிய சொல்லுக்கு 'அரக்கன்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்து, ஆங்கிலத்தில் அரக்கன் இல்லை என்றார்.

வகுப்பு முடிந்த அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, 'முருகன் தான் ஜெயிச்சேன்னு சொன்னான்'. ஜெயிச்சது யாரு?"

"முருகன்தான். வேற யாரு?"

"'முருகன் நான் ஜெயிச்சேன்னு சொன்னான்'னு சொன்னா?"

"அப்பவும் முருகன்தான்... இல்ல, நீயாவும் இருக்கலாம். ஏண்டி, இதுக்கா இத்தன ரூவா செலவு பண்ணிப் போயிருக்க?"

மறுநாள் ஆசிரியரிடம் குதித்துக்கொண்டு போனேன். முதல் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதும்போதே எனக்கு உறைத்தது. தமிழில் 'தான்' இரண்டு. ஒன்று தன்னைச் சுட்டுவது, இன்னொன்று 'முருகன்தான்' என்று அழுத்தம் தருவது. அம்மா எதைக் கேட்டாளோ யார் கண்டது. வாக்கியத்தைத் திருப்பிப் போட்டேன்: 'தான் ஜெயிச்சேன்னு முருகன் சொன்னான்.' தொடக்கத்தில் வந்தால் அது அழுத்தத் 'தான்' ஆக முடியாது. அம்மாவிடம் மறுபடி கேட்டதில் இதுவும் சரி என்றாள்.

இதில் என்ன அதிசயம்? முருகன் வாயால் சொன்னது 'தான் ஜெயிச்சேன்' ஆக இருக்க முடியாது, யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆகவே இது அவன் பேச்சை அப்படியே எடுத்துச் சொல்வது அல்ல, நான் என் வாயால் மாற்றிச் சொல்வது. அப்படியிருக்க வினையில் 'ஏன்' என்ற தன்மை விகுதி நிற்கிறது. அந்தத் தன்மை நான் இல்லை, முருகன். கப்லன் இல்லை என்ற அரக்கனின் வால் தமிழ் வினைமுற்றில் ஆடுகிறது! இது என் கண்டுபிடிப்பு இல்லை. சந்தியா சுந்தரேசன் போன்ற மொழியியலாளர்கள் தமிழின் இந்த இயல்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள், வேறு மொழிகளிலும் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள். பெரிய தத்துவவாதியின் வாதத்தோடு மோத எனக்குத் தேவைப்பட்டது அம்மாவும் ஒரு போனும் மட்டுமே என்பதால்தான் சொல்கிறேன்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு நோட்டை எப்போதும் வைத்திருங்கள், காதில் விழும் விசித்திரமான வாக்கியத்தை யார், எந்த ஊர், எந்தச் சூழலில் சொன்னார் என்று எழுதுங்கள். 'இது சரியான தமிழா' என்று யாரிடமும் கேட்காதீர்கள், உடனே பள்ளிக்கூட இலக்கணத்துக்குப் போய்விடுவார்கள். 'இப்படிச் சொன்னா என்ன அர்த்தம்?' என்று கேளுங்கள். ஒரே ஆளை நம்பாதீர்கள். உங்கள் காதையும் ரொம்ப நம்பாதீர்கள், ஒரு வாக்கியத்தை முப்பது முறை சொல்லிப் பார்த்தபிறகு எதுவுமே சரியாகத்தான் படும்.

இரண்டு விதமான எழுத்து

மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். மொழியியல் கட்டுரையில் உதாரணங்களுக்கு எண் போட வேண்டும், தப்பான வாக்கியத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி, கீழே உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டும் வரி, அதற்கும் கீழே பொருள். இப்படி:

வீட்டுக்குப் போனான்
வீடு-நான்காம் வேற்றுமை போ-இறந்தகாலம்-படர்க்கை.ஒருமை.ஆண்பால்

இதற்கு லைப்சிக் விதிகள் என்று உலகம் முழுக்க ஏற்ற ஒரு முறை உண்டு, சில பக்கங்கள்தான், முதல் வாரமே பழகிவிடுங்கள். தத்துவக் கட்டுரையில் முதல் பத்தியிலேயே நீங்கள் என்ன நிறுவப் போகிறீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். பிறகு வாதம், அதற்கு யாராவது சொல்லக்கூடிய மிக வலுவான மறுப்பு, அந்த மறுப்புக்கு உங்கள் பதில். நம் ஊர்த் தேர்வுத்தாளில் பழகிய முன்னுரை, அறிஞர் கூற்று, முடிவுரை இரண்டிலும் செல்லாது.

என் முதல் தத்துவக் கட்டுரையில் பதினெட்டு தமிழ் வாக்கியங்களை அடுக்கி, அட்டவணை போட்டு, அழகாகக் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலில் ஒரே சொல் எழுதித் திரும்பி வந்தது: 'அதனால்?' அதே மாதம் மொழியியல் கட்டுரை ஒன்றில் நாலு பக்கம் வாதம் செய்து மூன்றே உதாரணம் கொடுத்திருந்தேன். அங்கே வந்த குறிப்பு, 'தரவு எங்கே?' ஒரு கட்டுரையை முடித்ததும் அது எந்தத் துறைக்குப் போகிறதோ அந்தக் கேள்வியை மட்டும் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

வாசிப்பிலும் வேகம் மாறும். தத்துவத்தில் பத்துப் பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆனால் நீங்கள் மந்தம் இல்லை, அதுதான் வேகம். புரியாத பெயர் வந்தால் ஸ்டான்ஃபோர்டின் தத்துவக் கலைக்களஞ்சியத்தைத் திறங்கள், இலவசம், துறை அறிஞர்கள் எழுதியது. ஆனால் மூலக் கட்டுரைக்குப் பதிலாக அதைப் படிக்காதீர்கள். எம்.ஐ.டி.யின் திறந்த பாடத்தளத்தில் 24.900 என்ற எண்ணில் மொழியியல் அறிமுக வகுப்பு முழுவதும் காணொளியாக இருக்கிறது, சேர்வதற்கு முந்தைய விடுமுறையில் வாரத்துக்கு இரண்டு பார்த்துவிடலாம். கலைச்சொற்களுக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கித் தமிழில் உங்கள் சொந்த விளக்கத்தை எழுதுங்கள். தமிழில் ஒரு வரியில் சொல்ல வரவில்லை என்றால் ஆங்கிலத்திலும் புரியவில்லை என்று பொருள், எனக்கு இந்தச் சோதனை தவறியதே இல்லை.

வேலை

அப்பா அம்மா கேட்கப் போவது இதைத்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பட்டத்தைப் பார்த்ததும் வேலை தரும் இடம் என்று ஒன்று கிடையாது. கல்லூரி ஆசிரியப் பணிக்கு இந்தியாவில் நெட் என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். மொழியியல், தத்துவம் இரண்டும் தனித்தனிப் பாடங்களாக அதில் உண்டு. பொதுப்பிரிவுக்கு முதுகலையில் 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 சதவீதம் வேண்டும். ஆனால் பணி அறிவிப்புகளில் 'உரிய பாடத்தில் முதுகலை' என்று இருக்கும். உங்கள் சான்றிதழில் இரண்டு துறையின் பெயரும் சேர்ந்திருந்தால் எழுத்தர் இரண்டுக்கும் பொருந்தாது என்று ஒதுக்கிவைக்கக்கூடும். ஆகவே எந்தத் தாளை எத்தனை மதிப்பெண் அலகுக்குப் படித்தீர்கள் என்ற முழுப் பட்டியலையும் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி வையுங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அது இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சமநிலைச் சான்றும் வேண்டியிருக்கும்.

கல்விக்கு வெளியே, மொழித் தொழில்நுட்பத்தில் தமிழ் தெரிந்து வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கவும் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. கணினிக்கு இலக்கணக் குறியிட்டுத் தரும் தமிழ் வாக்கியத் தொகுப்புகளில் பலரும் பயன்படுத்தும் ஒன்றில் இருப்பது 600 வாக்கியங்கள்தான். அந்தப் பக்கம் போக விரும்பினால் மூன்றாவதாக நிரலெழுதுவதையும், பைத்தான் அளவுக்காவது, கற்றுக்கொள்ளுங்கள். இரண்டை வைத்துக்கொண்டு அங்கே கதவைத் தட்டினால் 'மூன்றாவது எங்கே' என்பார்கள்.

இரண்டு துறைக்கும் நடுவே

கடைசியாக, யாரும் சொல்லித்தராத நிர்வாகச் சங்கதிகள். இரண்டு துறையும் தனித்தனியாகக் கால அட்டவணை போடும். எனக்கு முதல் செமஸ்டரில் லாஜிக் பயிற்சி வகுப்பும் ஒலியியல் ஆய்வுக்கூடமும் செவ்வாய் பத்து மணிக்கு ஒன்றாக விழுந்தன. அந்த அலுவலகத்தில் கேட்டால் இந்த அலுவலகம், இங்கே கேட்டால் அங்கே என்று மூன்று வாரம் ஓடியது, அதற்குள் ஆய்வுக்கூடக் குழுக்கள் நிரம்பிவிட்டன. அட்டவணை வெளியாகும் நாளன்றே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மோதினால் இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலை, இருவர் பெயரையும் போட்டு அனுப்புங்கள். தனித்தனியாக அனுப்பினால் பந்து நடுவில் உருண்டுகொண்டே இருக்கும்.

இறுதி ஆண்டு ஆய்வேட்டுக்கு ஒரு துறைக்கு ஒருவராக இரண்டு வழிகாட்டிகள் கேளுங்கள். தலைப்பை அகலமாக வைக்காதீர்கள். 'மொழியும் சிந்தனையும்' என்று கொண்டுபோகிறவரைப் பார்த்து இருவருமே பெருமூச்சு விடுவார்கள், 'ஆலும்' என்ற விகுதியின் பொருள் என்றால் இருவரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மதிப்பிடப் போவது எந்தத் துறையின் அளவுகோல்படி என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு, பதிலை இருவருக்கும் மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். என் தோழி ஒருத்தி மார்ச் மாதத்தில்தான் கேட்டாள். இரண்டு பேரும் "அவங்கதான்னு நினைச்சேன்" என்றார்கள்.